பாட்டி தூவிய பொடிக்குச் சான்று எங்கே?

பள்ளி வேலைகள் மிகுந்திருந்ததால் சில வாரங்களாக எழுத இயலவில்லை. இன்று என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியல் செயல்திட்டத்திற்காகச் செம்பனையைப் பற்றி எழுதி வந்தான். ‘முன்பு என் பாட்டி தோட்டத்தில் செம்பனைப் பூவுக்குப் பொடி தூவும் வேலை செய்தார். பிறகு வண்டுகள் வந்ததால் அந்த வேலை நின்றுவிட்டது’ என்று அதில் இரண்டு வரிகள் இருந்தன. நான் அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘சான்று எங்கே?’ என்று கேட்டிருந்தேன். இணையத்தில் முதலில் தென்பட்ட பக்கம், செம்பனை காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறும் மரம் என்றது. நானும் அதையே நம்பினேன். மறுநாள் பையன் பாட்டியை அழித்துவிட்டு, அந்த இணையப் பக்கத்தை அப்படியே படியெடுத்து வந்து நின்றான். எனக்கு உறுத்தியது.

அவ்வாரக் கடைசியில், பட்ட மேற்படிப்புப் படிக்கும் நண்பர் ஒருவருடன் பல்கலைக்கழக நூலகம் ஒன்றிற்குச் சென்றேன். வேளாண்மைக்கென்றே ஆய்வுத் தரவுத்தளங்கள் உள்ளன. ஐக்கிய நாட்டு உணவு வேளாண் அமைப்பின் ‘அக்ரிஸ்’, அமெரிக்க தேசிய வேளாண் நூலகத்தின் ‘அக்ரிகோலா’ ஆகிய இரண்டிலும் எவரும் கட்டணமின்றித் தேடலாம். ‘கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ போன்றவற்றுக்கு நூலகங்கள் சந்தா செலுத்துகின்றன. நான் ஆர்வக் கோளாற்றில் ‘பாம்’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தட்டினேன். பேரீச்சை, தென்னை, பாக்கு என்று பனைக் குடும்பமே திரண்டு வந்துவிட்டது!

நூலகர் சிரித்துக்கொண்டே திருத்தினார். ஊருக்கு ஊர் பயிரின் பெயர் மாறும். அறிவியல் பெயர் மாறாது. ஆகவே ‘எலேயிஸ் கினீன்சிஸ்’ என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் இடச் சொன்னார். மகரந்தச் சேர்க்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அடிப்பகுதியை மட்டும் எழுதி இறுதியில் ஓர் உடுக்குறி இட்டால், அச்சொல்லின் எல்லா வடிவங்களும் அகப்படும் என்றார். இரண்டையும் ‘அண்ட்’ என்ற சொல்லால் இணைத்தோம். பிறகு ஆண்டு வரம்பை 1975 முதல் 1985 வரை என்று குறுக்கினோம். பட்டியல் சுருங்கியது, பாட்டியும் கிடைத்தார்.

செம்பனை காற்றினால்தான் சேர்க்கை பெறுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கேமரூனில் ஆராய்ந்த ரஹ்மான் சைட், அங்கே அப்பணியைப் பூச்சிகள் செய்வதை 1979இல் வெளியான கட்டுரையில் காட்டினார். நம் நாட்டில் அத்தகைய திறமான பூச்சி இல்லாததால்தான், மகரந்தத்தை முகப்பொடி மாவோடு கலந்து ஆட்கள் கைக்கருவியால் பூக்களில் தூவ வேண்டியிருந்தது. 1981இல் ஜொகூரில் கேமரூன் கூன்வண்டு விடப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கைத்தூவல் தேவையற்றுப் போயிற்று. இந்த அறிமுகத்தைப் பற்றிய கட்டுரை 1982இல் ‘தி பிளாண்டர்’ இதழில் வந்தது. அதன் தலைப்பும் தொகுதி எண்ணும் மட்டுமே திரையில் கிடைத்தன. கட்டுரையைப் படிக்க, தூசி படிந்த கட்டுத் தொகுதியைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. தரவுத்தளம் வழிகாட்டும், எல்லா நேரமும் வீடுவரை கொண்டுவிடாது.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, கட்டுரைகள் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கின்றன என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பிள்ளைகள் முழுக் கட்டுரையையும் படிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆய்வுச் சுருக்கத்தை ஆசிரியர் படித்துத் தமிழில் விளக்கலாம். சரியான சொல்லைத் தேர்ந்து தேடுவதும், எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்று பார்ப்பதும் பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாதவை அல்ல. பெற்றோர்களே, செயல்திட்டத்தை முதல்நாள் இரவு நீங்களே அச்சிட்டுக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். (ஆசிரியர்களாகிய நாங்களும் அந்த அழகான அட்டைக்கே மதிப்பெண் இடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

நம் தோட்டப்புற வாழ்வில் வேளாண் அறிவு நிறையவே உண்டு. நாம் அதைக் கதையென்று ஒதுக்குகிறோம். ஓர் இணையப் பக்கத்திற்கு நான் அளித்த நம்பிக்கையை எழுபது வயதைக் கடந்த ஒரு தொழிலாளிக்கு அளிக்கவில்லை. இதை எண்ணும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பையனிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த வரிகளை மீண்டும் எழுதச் சொன்னேன். ஆதாரப் பகுதியில் 1982ஆம் ஆண்டுக் கட்டுரையையும் பாட்டியின் பெயரையும் அடுத்தடுத்து எழுதினான். பள்ளிக்கு வந்திருந்த பாட்டியிடம் அதைக் காட்டியபோது, “வண்டு வந்ததும் எங்களைப் புல்வெட்டுக்கு மாத்திட்டாங்க ஐயா, அதையும் போட்டிருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கூலிச் செலவு மிச்சமானது என்று ஆய்வாளர்கள் எழுதுவார்கள். அந்தக் கூலியைப் பெற்று வந்தவரைப் பற்றிப் பையன் மூன்றாவது வரியாகச் சேர்த்தான்.

அடுத்த மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களை மாநில நூலகத்திற்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். பேருந்துக் கட்டணம்தான் இன்னும் முடிவாகவில்லை.