மருந்து கேட்கலைன்னா அடுத்து என்ன?

1/ "டாக்டர், நீங்க குடுத்த மருந்து கேட்கலை." டோஸைக் கூட்டணுமா, இன்னொண்ணு சேர்க்கணுமா, மருந்தையே மாத்தணுமா? தினமும் எங்க முன்னாடி வந்து நிற்கும் கேள்வி இது. பெரும்பாலான மருந்து ஆய்வுகள் இதற்குப் பதில் தேடுவதே இல்லை. இந்த த்ரெட் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ வழக்கமான ஆய்வு எப்படி? பாதிப் பேருக்கு ஒரு மருந்து, மீதிப் பேருக்கு வேறொன்று. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். சில வாரம் கழித்து யார் தேறினாங்கன்னு கணக்குப் பார்ப்பாங்க. அதோட முடிஞ்சது. மருந்து கேட்காதவங்களுக்கு அடுத்து என்ன செய்யணும்? அதற்கு அங்கே பதில் இல்லை.

3/ அவங்க சின்னக் கூட்டம்னு நினைக்காதீங்க. 2006ல் முடிவுகள் வெளியான 'ஸ்டார்-டி' என்ற அமெரிக்க ஆய்வில் மனச்சோர்வு உள்ள சுமார் 4,000 பேர் சேர்ந்தாங்க. முதல் மாத்திரையில் நோய் முழுசா அடங்கியது ஏறத்தாழ மூணுல ஒருத்தருக்குத்தான். மீதிப் பேருக்கு இரண்டாவது முடிவுதான் முக்கியம்.

4/ இதைச் சோதிக்க முறை இல்லாமல் இல்லை. பெயர் 'ஸ்மார்ட்' ஆய்வு. புள்ளியியல் அறிஞர் சூசன் மர்ஃபி 2005லேயே விளக்கி எழுதிட்டார். முதலில் ஒரு குலுக்கல். கேட்காதவங்களுக்கு மறுபடி ஒரு குலுக்கல்: கூட்டுவதா, வேற சேர்ப்பதா? இங்கே ஜெயிப்பது ஒரு மருந்து இல்லை, ஒரு வரிசை.

5/ உதாரணம்: அமெரிக்காவில் வில்லியம் பெல்ஹாம் குழு, 2016. ஏடிஹெச்டி உள்ள 146 குழந்தைகள், வயது 5 முதல் 12. சிலருக்கு முதலில் குறைந்த டோஸ் மருந்து. சிலருக்கு முதலில் நடத்தைப் பயிற்சி, பெற்றோருக்கும் வகுப்பு. போதாதவங்களுக்கு இரண்டாவது குலுக்கல்.

6/ பயிற்சிக்குப் பிறகு மருந்து சேர்த்த குழந்தைகள், மருந்துக்குப் பிறகு பயிற்சி சேர்த்தவர்களைவிட நல்லா வந்தாங்க. அதே ரெண்டு சிகிச்சை. வரிசை மட்டும்தான் வேற!

7/ "ரெண்டு தனித்தனி ஆய்வை ஒட்டிப் பார்த்தா போதாதா?" போதாது. அதே ஆய்வில், மருந்தில் ஆரம்பித்த குழந்தைகளின் பெற்றோர் பிறகு பயிற்சி வகுப்புக்கு வந்தது குறைவு. முதல் அடி இரண்டாவது அடியையே மாத்திடுது. தனி ஆய்வில் இது கண்ணுல படாது.

8/ "அனுபவமுள்ள டாக்டருக்குத் தெரியாதா?" திரும்பி வந்தவங்களைத்தான் எங்களுக்குத் தெரியும். குணமாகி வராம விட்டவர், வெறுத்துப்போய் வேற டாக்டரிடம் போனவர், ரெண்டு பேரும் எங்க கணக்குல ஒண்ணுதான். அனுபவம் தேவை. அது ஆய்வுக்குப் பதில் ஆகாது.

9/ அப்புறம் ஏன் இது அரிது? கம்பெனிக்கு வேண்டியது தன் மருந்துக்கு அனுமதி. "முதலில் பயிற்சி, பிறகு மருந்து" என்று சொல்லும் ஆய்வுக்கு அவங்க ஏன் காசு போடணும்? அதனால்தான் பொதுப்பணம் வேணும்னு சொல்றேன். ஐசிஎம்ஆர் போன்ற அமைப்புகள் இதை முன்னுரிமையா எடுக்கணும்.

10/ இதற்கிடையில் "உங்களுக்கென்றே சிகிச்சை"ன்னு ஜீன் ரிப்போர்ட் விக்கிறாங்க. சில மருந்துகளுக்கு ஜீன் பரிசோதனை நிஜமாவே உதவும், மறுக்கலை. ஆனா ஆறாவது வாரத்தில் மருந்து கேட்கலைன்னா என்ன செய்யணும்னு அந்த ரிப்போர்ட் சொல்லாது. தனிப்பட்ட சிகிச்சை என்பது உங்க உடம்பு காட்டும் பதிலைப் பார்த்து அடுத்த அடி வைப்பது.

11/ நீங்க செய்யக்கூடியது: புது மருந்து எழுதும்போதே கேளுங்க. "இது வேலை செய்யுதான்னு எப்போ, எதை வச்சு முடிவு பண்ணுவோம்? இல்லைன்னா அடுத்து என்ன?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். நீங்களா மட்டும் மருந்தை நிறுத்தாதீங்க.

12/ பதிலில் "ஆய்வு இல்லை"ன்னு வந்தா, அது அந்த டாக்டரோட குறை இல்லை. அந்த ஆய்வுக்குக் காசு ஒதுக்காதவங்களைக் கேளுங்க.