தராசு இல்லாத இடத்தில் மீனின் எடையை அறிவது எப்படி?

“எங்கள் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறோம். நாலு வருஷமாக வலைக்குத் தப்பித்து வந்த பெரிய கட்லா ஒன்று இந்த முறை சிக்கியது. மீன் வாங்க வந்த வியாபாரி, ‘எட்டுக் கிலோ தேறும்’ என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், ‘பன்னிரண்டுக்குக் குறையாது’ என்றார். மீனைத் திரும்பக் குட்டையிலேயே விட்டுவிட்டோம். எங்களிடம் பெரிய தராசு இல்லை. அளந்து பார்த்தே எடையைச் சொல்ல வழி உண்டா?”
- வாசகர், சங்ககிரி, சேலம் மாவட்டம்.

வழி உண்டு. அதற்கு நீளத்தை மட்டும் அளந்தால் போதாது, சுற்றளவும் வேண்டும். கண்மதிப்பு பெரும்பாலும் நீளத்தைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. மீன் நீளும்போது கூடவே உயரமும் பருமனும் கூடுகின்றன. அதனால், அதே உடல்வாகில் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். பெரிய மீனில் கண்மதிப்பு இவ்வளவு தவறுவதற்குக் காரணம் இதுதான்.

சால்மன் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் வெளிநாட்டினர் வெகுகாலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுப்பார்கள். அங்குலத்தில் அளந்தால் 800-ஆல் வகுக்க வேண்டும், விடை பவுண்டில் வரும். சென்டிமீட்டரில் அளந்து கிலோவில் விடை வேண்டுமென்றால் 28,900-ஆல் வகுக்க வேண்டும்.

இந்தக் கணக்கும் பிசகுவது உண்டு. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில், 1922 அக்டோபர் 7-ம் தேதி, ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் தூண்டிலில் பிடித்த சால்மன் இன்றும் பிரிட்டனின் சாதனை மீன். நீளம் 54 அங்குலம், சுற்றளவு இருபத்தெட்டரை அங்குலம். கணக்குப் போட்டால் சுமார் 55 பவுண்டு, அதாவது 25 கிலோ வருகிறது. தராசு காட்டியதோ 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. நன்றாக அளந்த மீனிலேயே 4 கிலோ வித்தியாசம். மீனுக்கு மீன் உடல்வாகு மாறும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே எண் பொருந்தாது.

கட்லா உயரமான உடலும் பெரிய தலையும் கொண்டது. மிர்கால் ஒல்லியானது. சால்மனுக்கான எண்ணை இவற்றுக்கு அப்படியே போடக் கூடாது. அவரவர் குட்டை மீனுக்கு அவரவரே எண் கண்டுபிடிப்பதுதான் சரி. அதற்குச் சிறு தராசு ஒன்று இருந்தால் போதும்.

அளக்கும் முறை

* நீளம்: மீனை ஈரப் பலகையில் கிடத்தி, வாய் நுனியிலிருந்து வால் துடுப்பு இரண்டாகப் பிரியும் இடம்வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வயிற்று வளைவை ஒட்டி நாடாவைப் பிடித்தால் நீளம் கூடிவிடும்.
* சுற்றளவு: முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தையொட்டி, உடல் மிகப் பருத்த இடத்தில் நூலைச் சுற்றி, அந்த நூலை நாடாவில் வைத்துப் பார்க்க வேண்டும். நூல் சதையில் அழுந்தக் கூடாது.
* எண்: ஒன்று, ஒன்றரைக் கிலோ அளவுள்ள பத்துக் கட்லாக்களை அளந்து, எடையும் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நீளம் × சுற்றளவு × சுற்றளவு ÷ எடை என்று கணக்கிட்டு, பத்துக்கும் சராசரி எடுத்தால் அதுதான் அந்தக் குட்டைக் கட்லாவின் எண்.

உதாரணத்துக்கு, ஒரு கட்லாவின் நீளம் 40 செ.மீ, சுற்றளவு 32 செ.மீ, எடை 1.28 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 × 32 × 32 = 40,960. இதை 1.28-ஆல் வகுத்தால் 32,000. பெரிய மீன் 80 செ.மீ நீளமும் 64 செ.மீ சுற்றளவும் இருந்தால், 80 × 64 × 64 = 3,27,680. இதை 32,000-ஆல் வகுத்தால் 10.24 கிலோ. அதே நீளத்தில் சுற்றளவு 68 செ.மீ என்றால் 11.56 கிலோ. சுற்றளவில் நாலு சென்டிமீட்டர் கூடியதற்கே 1.3 கிலோ வித்தியாசம். கிலோ 150 ரூபாய் என்றால், ஒரே மீனில் சுமார் 200 ரூபாய். அதனால் சுற்றளவை இரண்டு முறை அளப்பது நல்லது. அப்போதும் வரும் விடை மதிப்பீடுதான். பத்துக் கிலோ என்று வந்தால், ஒரு கிலோ முன்பின் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீவனத்துக்கும் இதே கணக்கு

ஒரு பெரிய மீனைவிட, குட்டையிலுள்ள மொத்த மீனின் எடைதான் செலவைத் தீர்மானிக்கிறது. நாமக்கல் பக்கம் பிராய்லர் வளர்ப்பவர்கள் சில கோழிகளைப் பிடித்து எடைபோட்டுச் சராசரி பார்ப்பதுபோல, 15 நாளுக்கு ஒரு முறை வீச்சுவலையில் 20 மீன்களைப் பிடித்து, தண்ணீர் ஊற்றிய வாளியோடு எடைபோட்டுச் சராசரி பார்க்க வேண்டும். வாளியும் தண்ணீரும் சேர்ந்த எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு கழித்துவிடலாம்.

1,000 குஞ்சு விட்டு 800 தங்கியிருக்கிறது, சராசரி அரைக் கிலோ என்றால், மொத்தம் 400 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம் தீவனம் என்றால் நாளுக்கு 8 கிலோ. கண்மதிப்பில் 600 கிலோ என்று நினைத்தால் 12 கிலோ போடுவோம். மிச்சமாகும் 4 கிலோ தினமும் அடியில் அழுகும். செலவு வீணாவதோடு, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

உயிரோடு அளக்கும் மீனை வெயிலுக்கு முன், ஈரக் கையால் பிடித்து, சீக்கிரம் தண்ணீரில் விட வேண்டும். காவிரியில் மகசீர் கிடைத்தால் இன்னும் கவனம் தேவை. 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. அந்த முதுகு உயர்ந்த காவிரி மகசீர், 2018-ல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதைத் தண்ணீரில் வைத்தே அளந்து விட்டுவிடுவதுதான் முறை.

சங்ககிரி வாசகர் மீனைத் திரும்ப விட்டது நல்லதே. அடுத்த பிடிப்பில் அளந்து பார்த்துவிட்டு, மொத்தமாகப் பேசாமல் கிலோவுக்கு விலை பேச வேண்டும். விற்கும்போது முத்திரையிட்ட தராசில்தான் எடைபோட வேண்டும். மீனை ஈரச் சாக்கில் வைத்துத் தூக்கினால், சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். தராசு காட்டுவதும் நாடா சொல்வதும் மிகவும் விலகினால், தயங்காமல் இன்னொரு முறை எடைபோடச் சொல்லலாம்.