லைவ்னா லைவாத்தான் இருக்கணும்

மக்களே, இன்னிக்கு ராக் இசை பத்தி ஒரு பதிவு. ஆகாதவங்க அப்படியே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

கான்சர்ட் டிவிடி அட்டையில 'லைவ்'னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. என் கட்சி ரொம்ப சிம்பிள். அந்த வார்த்தையைப் போட்டா, அன்னிக்கு மேடையில நடந்ததைத்தான் காட்டணும், சொதப்பல் உட்பட. சுருக்கமெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டுத் தரத்துக்குத்தான் ஸ்டூடியோ ஆல்பம்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கே!

இஸ்திரி எப்படிப் போடறாங்கன்னு முதல்ல பார்த்துடலாம். கச்சேரியைப் பதிவு பண்ணும்போது பாடறவர் மைக், கிதார், டிரம்ஸ்னு எல்லாம் தனித்தனி டிராக்ல போகும். அப்புறம் ஸ்டூடியோவுக்குப் போய், பிசிறடிச்ச குரலை மட்டும் அழிச்சுட்டு புதுசாப் பாடி அதே இடத்துல ஒட்டிடலாம். இதுக்குப் பேர்தான் ஓவர்டப். வீடியோவுல வாயும் விரலும் காட்டிக் குடுத்துடுமேன்னு கேட்கறீங்களா? அந்த நாலு செகண்ட் மட்டும் கூட்டத்துல கையை ஆட்டற ஆளுங்களைக் காட்டினா போச்சு!

சும்மா சொல்லலை. லெட் செப்பலினோட 'தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்' படம் 1976-ல வந்துச்சு. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல 1973 ஜூலையில மூணு ராத்திரி நடந்த கச்சேரியைப் படம் பிடிச்சாங்க. அப்புறம் போட்டுப் பார்த்தா ஏகப்பட்ட இடத்துல படமே இல்லை. என்ன பண்ணினாங்க? 1974-ல இங்கிலாந்துல ஷெப்பர்டன் ஸ்டூடியோவுல அதே மாதிரி மேடை போட்டு, பழைய ஒலிக்கு ஏத்த மாதிரி வாசிக்கிறதா நடிச்சாங்க. அதுக்குள்ள பேஸ் கிதார் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டிட்டார். அதனால அவருக்கு விக்! நம்ம ஊர் சினிமா கன்டின்யூட்டி தோத்துடும் போங்க.

அடுத்தது, உலகத்தோட சிறந்த கான்சர்ட் படம்னு பலபேர் கொண்டாடற 'தி லாஸ்ட் வால்ட்ஸ்'. 'தி பேண்ட்' குழு 1976 நவம்பர் 25 அன்னிக்கு சான் பிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட்ல நடத்தின பிரியாவிடைக் கச்சேரி. மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கி 1978-ல வெளியாச்சு. படம் அழகுதான், மறுக்கலை. ஆனா அதுல கேட்கறதுல கணிசமான பகுதி பிற்பாடு ஸ்டூடியோவுல சரி பண்ணினது. நீல் யங் மூக்குல ஒட்டியிருந்த கோகெய்னைக்கூட ஃபிரேம் ஃபிரேமா அழிச்சாங்க. அந்தக் குழுவோட டிரம்மர் லெவான் ஹெல்ம் 1993-ல வந்த தன்னோட சுயசரிதையில இந்தப் படத்தைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கார். கிதாரிஸ்ட் ராபி ராபர்ட்சனையே நாயகனாக் காட்டிட்டாங்கன்றது அவர் ஆதங்கம். சரி பண்றேன்னு உட்கார்ந்தா, யாரைப் பெரிசாக் காட்டறதுன்றதும் அங்கேதான் முடிவாகுது. எனக்கு பயமே அதுதான்.

இப்ப எதிர்ப்பக்கம் வாங்க. நிர்வாணா குழுவோட எம்டிவி அன்பிளக்ட். 1993 நவம்பர் 18, நியூயார்க். டிவியில வந்தப்ப ரெண்டு பாட்டை வெட்டிட்டாங்க. 2007-ல வந்த டிவிடியிலதான் முழுசாப் போட்டாங்க, பாட்டுக்கு நடுவுல தடுமாறிப் பேசறது, அடுத்து எதை வாசிக்கலாம்னு குழம்பறது எல்லாத்தோடவும். கடைசிப் பாட்டுல கர்ட் கோபெய்ன் குரல் கிழியுது. ஒரு இடத்துல நிறுத்தி, கண்ணைத் திறந்து, மூச்சு ஒண்ணு இழுத்துட்டு மறுபடி பாடறார். இன்னொரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டதுக்கு முடியாதுன்னுட்டார். 1994 ஏப்ரல் 5-ல ஆள் போயாச்சு, அஞ்சு மாசம்கூட ஆகலை. அந்தக் கிழிஞ்ச குரலை யாராவது 'சரி' பண்ணியிருந்தா நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

காசு குடுத்து வாங்கறவனுக்கு எதுக்கு கரகரப்பையும் தப்பையும் தரணும்னு நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். கரகரப்பை எடுங்க சாமி, வேண்டாம்னு யார் சொன்னா? சுத்தம் பண்றது வேற, மாத்தறது வேற. பீட்டில்ஸ் 1969 ஜனவரி 30 அன்னிக்கு லண்டன்ல அவங்க ஆபீஸ் மொட்டைமாடியில வாசிச்சதை, பீட்டர் ஜாக்சன் 2021-ல 'கெட் பேக்' தொடர்ல முழுசாக் காட்டினார். படப்பிடிப்பு சமயத்துல மோனோ டேப்ல ஒண்ணா கலந்து கிடந்த பேச்சையும் வாத்தியத்தையும் மென்பொருளை வச்சுப் பிரிச்சு, அவ்வளவு தெளிவாக் குடுத்தாங்க. ஆனா ஜான் லெனன் 'டோன்ட் லெட் மீ டவுன்' வரியை மறந்துட்டு வாயில வந்ததைப் பாடறது அப்படியே இருக்கு. இன்னொரு பாட்டுக்கு ஒரு உதவியாளர் முட்டி போட்டு வரிகளைத் தூக்கிப் பிடிக்கிறதும் இருக்கு. அதே 'டோன்ட் லெட் மீ டவுன்' 2003-ல வந்த 'லெட் இட் பீ நேக்கட்' ஆல்பத்துல, மாடியில பாடின ரெண்டு தடவையையும் வெட்டி ஒட்டி, பிழையே இல்லாம வந்திருக்கு. ரெண்டையும் கேளுங்க. ஆல்பத்துல இருக்கறது நல்ல பாட்டு. ஆனா அந்தக் குளிர்ல நாலு நண்பர்கள் நின்னு வாசிச்சது தொடர்லதான் இருக்கு.

1997-ல ஆட்டோ-டியூன் வந்ததுலேர்ந்து சுதி விலகறதை கம்ப்யூட்டரே இழுத்துப் பிடிச்சு உட்கார வச்சுடுது. இன்னிக்கு அது இன்னும் சுலபம். மென்பொருள் எழுதிப் பொழைக்கிறவன் நான், கருவி மேல கோவமில்லை. லைவ் டெமோ குடுத்தவங்களுக்குத் தெரியும், முன்னாடியே ரெக்கார்ட் பண்ணினதை ஓடவிட்டுட்டு லைவ்னு சொன்னா அதுக்குப் பேர் என்னன்னு.

அதனால நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. எதை மாத்தினாலும் அட்டையில ஒரு வரி போடுங்க: இந்தப் பாட்டுல குரல் திரும்பப் பாடினது, இந்தக் காட்சி அப்புறமா எடுத்ததுன்னு. பால் பாக்கெட்லயே கொழுப்பு எத்தனை சதவீதம்னு போடறாங்க, இதுல போட்டா குறைஞ்சா போயிடும்?

உங்ககிட்ட இஸ்திரி படாத கான்சர்ட் வீடியோ ஏதாவது இருந்தா பேர் சொல்லிட்டுப் போங்க. தேடிப் பிடிச்சுப் பார்த்துடறேன்.