மூப்பின் முன்னேற்பாடு குறித்து லூமுட் வட்டார மூத்தோர் சங்கத்தின் கோரிக்கை மனு

பெறுநர்: மஞ்சோங் மாவட்ட அதிகாரி, மாவட்டச் சமூக நல அலுவலகம், ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை நிர்வாகம்.

நகல்: சுகாதார அமைச்சு, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு.

பொருள்: முதியோர் தம் சொத்து, சிகிச்சை, பணம் பற்றிய முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவைக்க வழிசெய்தல்.



லூமுட், சித்தியவான், ஆயர் தாவார், பங்கோர் ஆகிய இடங்களில் இன்று அறுபது வயதைக் கடந்து வாழும் தமிழர்களில் பலர் பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறி, ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு மலிவு விலை வீடு வாங்கிக் குடியேறியவர்கள். அந்த ஒரு வீடும் சேமநிதியில் எஞ்சிய தொகையுமே அவர்களது ஆயுட்கால உழைப்பின் மிச்சம் என்பதால், அவை யாரைச் சேரும் என்பதும், நினைவு தவறும் நாளில் அவற்றை யார் கவனிப்பார் என்பதும் அவர்களுக்குச் சிறிய கேள்விகள் அல்ல.

இறப்புக்குப் பின் நடக்கவேண்டியவற்றுக்கு நாட்டின் சட்டம் ஓரளவு தெளிவாகவே வழி வகுத்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பிய எவரும் ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் ஒப்பமிட்டு உயில் எழுதலாம். உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவர் அல்லது மனைவியோ சாட்சியாக நின்றால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமற்போகும். உயில் இல்லாதபோது, 1997இல் திருத்தப்பட்ட 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் இறந்தவரின் துணைக்கு மூன்றில் ஒரு பங்கையும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கையும் அளிக்கிறது. இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இருந்தால் பெற்றோருக்குக் கால் பங்கு, துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி எனப் பிரிகிறது. நில அலுவலகத்தின் வழியே முடிக்கக்கூடிய சிறு சொத்துப் பங்கீட்டின் உச்ச மதிப்பு 2024 ஜூலை 15 முதல் இருபது லட்சம் ரிங்கிட்டிலிருந்து ஐம்பது லட்சமாக உயர்ந்திருப்பதை இச்சங்கம் வரவேற்கிறது. ஆயினும் ஒரு மலிவு விலை வீட்டின் உரிமைப் பத்திரம் (கிராண்டு) பெயர் மாறாமல் கிடப்பதற்கு அதன் மதிப்பு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. வாரிசு என்று காட்டுவதற்கான தாள்கள் இல்லாமையே தடையாக இருந்துவருகிறது.

அத்தாள்களுள் முதன்மையானது திருமணப் பதிவு. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் கோயிலிலோ வீட்டிலோ வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களை அச்சட்டம் பதிவுபெற்றவையாகவே கருதுகிறது. பிற்பட்ட காலத்தில் தாலி மட்டும் கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. முதல் வகையினர் பத்திரம் ஏதும் கையில் இல்லாததால் சாட்சி தேடி அலைகின்றனர். இரண்டாம் வகையைச் சேர்ந்த மனைவியோ நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய பின்னும் கணவரின் சொத்தில் மனைவி என்ற உரிமையில் பங்கு கோர இயலாதவராகிறார். கணவன் மனைவி இருவரும் உயிருடன் இருக்கும்போது எளிதில் தீரக்கூடிய இக்குறை, ஒருவர் மறைந்த பின் தீராக் குறையாகிவிடுகிறது. தம் சேமநிதிப் பணம் யாரைச் சேரவேண்டும் என்று எழுதிவைக்கும் நியமனமும் இத்தகையதே: இளமையில் பெற்றோரின் பெயரை எழுதியவர்கள் பெற்றோர் இறந்த பின்னும் அதை மாற்றாமல் விடுகின்றனர், உயிலில் வேறு விதமாக எழுதினால் போதும் என்று கருதுவோரும் உண்டு, ஆனால் நியமனத்தை உயில் மாற்றுவதில்லை.

ஆகவே நில அலுவலகம், தேசியப் பதிவிலாகா, ஊழியர் சேமநிதி வாரியம், அமானா ராயா அறங்காவல் நிறுவனம், சட்ட உதவித் துறை ஆகியவற்றின் அலுவலர்கள் மாதம் ஒருமுறை லூமுட்டில் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, தமிழ் பேசும் உதவியாளர் துணையுடன் முதியோரின் தாள்களைச் சரிபார்த்துத் தருவதற்கு மாவட்ட அலுவலகம் ஏற்பாடு செய்யவேண்டும் என்று சங்கம் கோருகிறது. பங்கோர் தீவினர் படகேறி வரவேண்டியவர்கள் என்பதைக் கருதி, ஆண்டுக்கு இருமுறையேனும் அச்சேவை தீவுக்கே செல்லவேண்டும்.

இறப்புக்கு முந்திய காலத்தைப் பொறுத்தவரை சட்டத்திலேயே பெரும் இடைவெளி இருக்கிறது. தம் சார்பில் செயற்பட ஒருவர் மற்றொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எழுதித் தந்தவர் மனநலம் இழந்ததும் பொதுவாகச் செயலற்றுப்போகிறது. அதாவது மறதிநோய் முற்றி, அப்பத்திரம் உண்மையிலேயே தேவைப்படும் வேளையில்தான் அது பயனற்றதாகிறது. அதன் பின் எஞ்சும் வழி, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகிச் சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கக் கோருவது. அதற்காக வக்கீலையும் மருத்துவச் சான்றுகளையும் திரட்டிக்கொண்டு, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்கு அலைய எத்தனை தோட்டக் குடும்பங்களால் இயலும்? ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதே இன்று நடைமுறையில் உள்ள அதிகாரப் பத்திரம் எனலாம்; அதில் பெற்றோருக்கும் பாதுகாப்பில்லை, நேர்மையான பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை. சிங்கப்பூரில் 2010 மார்ச் முதல் நடப்பிலுள்ள மனத்திறன் சட்டம், அறிவு தெளிவாக இருக்கும்போதே தம் பிரதிநிதியை நியமித்து, மனத்திறன் இழந்த பின்னும் அந்நியமனம் நீடிக்க வழிசெய்கிறது. நியமிப்பவர் வற்புறுத்தலின்றி, புரிந்தே ஒப்பமிடுகிறார் என்று மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளிக்கவேண்டும் என்பது அதன் காப்பு. இதையொத்த சட்டம் மலேசியாவிலும் இயற்றப்படவேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகம் தன் பரிந்துரையுடன் மத்திய அரசுக்கு எடுத்துச்செல்லவேண்டும்.

சிகிச்சை குறித்த முன்விருப்பம், அதாவது பேச இயலாத நிலை வந்தால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னதாகச் சொல்லிவைப்பது, இந்நாட்டில் தனிச் சட்டமாக வரவில்லை. ஆயினும் மலேசிய மருத்துவ மன்றத்தின் சிகிச்சைச் சம்மத வழிகாட்டி அதற்கு இடம் தருகிறது. எனவே புதுச் சட்டத்துக்குக் காத்திராமல், சிறுநீரகம், இதயம், புற்று முதலிய நீண்ட நோயுள்ள முதியோரிடம் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை இவ்விருப்பத்தைக் கேட்டுக் கோப்பில் பதிவுசெய்யலாம். அவ்வுரையாடலில் நோயாளியின் மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக நிறுத்தலாகாது என்பது சங்கத்தின் உறுதியான கருத்து. அம்மாவிடம் அதையெல்லாம் கேட்காதீர்கள் என்று பாசத்தால் மறிக்கும் பிள்ளை, அம்மா சொல்ல விரும்புவதையும் சேர்த்தே மறித்துவிடுகிறது.

இக்கோரிக்கைகளைப் பற்றிக் கலந்துபேச, சம்பந்தப்பட்ட துறைகளின் அலுவலர்களை ஒருங்கே அழைத்து மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் கூட்டுமாறும், அதற்கான தேதியை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
செயற்குழுவினர்,
லூமுட்