போன் கடையில் நாக்குக்குக் கூலி கொடுப்பது யார்?

எழுமலையைச் சேர்ந்த ஒரு தோழர். கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. மனைவி காட்டு வேலைக்குப் போகிறார். மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வேண்டுமென்று பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்தார். விவரம் தெரிந்த ஒரு நண்பரிடம் கேட்டு, இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளில் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

ஒரு பெரிய கடை. சீட்டை நீட்டினார். சிரித்த முகத்தோடு ஒரு பெண் வந்தாள்.

“அண்ணே, இந்தக் கம்பெனி போனை இப்ப யாருமே வாங்குறதில்லண்ணே. ஆறு மாசத்துல நின்னு நின்னு ஓடும். இதப் பாருங்க, எட்டு ஜிபி ரேம். உங்க பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் அசையாது.”

பத்தாயிரத்துக்குப் போனவர் பதினாலாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தார். கையில் 4,000, மீதிக்கு மாதம் 1,450 வீதம் எட்டு மாதத் தவணை. “வட்டியே கிடையாதுண்ணே” என்றாள் அந்தப் பெண். கூட்டிப் பாருங்கள்: 15,600 ரூபாய்!

பதினைந்து நாள் ஓடியது. பிறகு போன் முடங்க ஆரம்பித்தது. மகள் நோண்டிப் பார்த்துச் சொன்னாள்: “அப்பா, இதுல ரேம் நாலு ஜிபிதான். மீதி நாலு, படம் வைக்கிற இடத்துல இருந்து கடன் வாங்கிக் காட்டுறது.”

போனைத் தூக்கிக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். நாமும் அவரோடு அந்தக் கடைக்குப் போனோம். அடுத்த மேஜையில் வேறு நிறச் சட்டை போட்ட ஒரு பையன் நின்றான். போனைப் பார்த்ததும், “இதையா வாங்குனீங்க? எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா சார்?” என்று தன் கம்பெனிப் போனை எடுத்து நீட்டினான். ஒரே கூரை, ஒரே கல்லாப் பெட்டி; ஆனால் மேஜைக்கு மேஜை வேறு வேறு உண்மை!

இது ஒரு தோழரின் ஏமாளித்தனம் என்று தள்ளிவிடலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

மாட்டுச் சந்தையும் போன் கடையும்

போன் இன்று பணக்காரர் வீட்டுப் பொம்மை அல்ல. 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமும் இல்லாமல் போனதை நாம் கண்ணால் கண்டோம். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தலங்களில் வருகைப் பதிவையே போன் வழியாக எடுக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. பாங்கிலிருந்து ரகசிய எண் வருவதும் அதில்தான். ஆலை சூபர்வைசர் ஷிப்ட் மாற்றத்தைச் சொல்வதும் அதில்தான். மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு தொழிற்கருவி ஆகிவிட்டது.

விலை என்ன? 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் 14,000 ரூபாய்ப் போன் என்பது ஏறத்தாழ 42 நாள் உழைப்பு. நாற்பத்திரண்டு நாள் வெயிலில் குனிந்து எடுத்த கூலியை, பத்து நிமிஷப் பேச்சை நம்பி மேஜைமேல் வைக்கிறோம்.

நம் ஜனங்களுக்குப் பொருள் வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மாட்டுச் சந்தையில் நம்மவர்கள் மாடு பிடிப்பதைப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். அவர் தரகர் என்பது சந்தைக்கே தெரியும். அவர் மாட்டைப் புகழ்ந்தால், புகழ்ச்சியில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் காதில் வாங்கிக்கொள்வோம். தன் மோர் புளிக்கும் என்று எந்த மோர்க்காரி சொல்வாள்?

போன் கடையில் நடப்பது வேறு. அங்கே தரகர் யார் என்றே தெரியவில்லை. தரகர், கடைச் சிப்பந்தி வேஷத்தில் நிற்கிறார். ஆலோசனை சொல்வது போல வியாபாரம் செய்கிறார். பல் பார்க்கலாம் என்றால் பெட்டிக்குள் இருப்பதன் பல் நமக்குத் தெரிவதில்லை. வித்தியாசம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு கூலி, ஒரு நாக்கு

பல கம்பெனிப் போன்களை விற்கும் பெரிய கடைகளில் நிற்பவர்களில் பலர் கடைக்காரரின் ஆட்களே அல்ல. “பிரமோட்டர்” என்று அவர்களுக்குப் பெயர். சம்பளம் தருவது போன் கம்பெனி. அதையும் பெரும்பாலும் நேராகத் தருவதில்லை, ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்ட் கம்பெனி மூலமாகத் தருகிறது. மாதத்துக்கு இத்தனை போன் விற்க வேண்டுமென்று இலக்கு உண்டு. இலக்கைத் தாண்டினால் போன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத் தொகை. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கிறதல்லவா? எந்தப் போனை எந்தப் பிரமோட்டர் விற்றார் என்பதை அந்த எண்ணை வைத்தே கணக்கெடுக்கிறார்கள்.

கடைக்காரரின் சொந்தச் சிப்பந்தி நடுநிலையானவரா? அவருக்கும் சில மாடல்களுக்கு மட்டும் தனிக் கமிஷன் வருகிறது. எந்த மாடல் தேங்கிக் கிடக்கிறதோ, அதைத் தள்ளினால் கூடுதல். கடைக்காரருக்கோ மொத்தமாக எடுத்தால் கூடுதல் லாபம். வாசலில் கம்பெனி போர்டு மாட்டினால் அதற்குத் தனிச் சலுகை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கடைகளின் நெற்றியில் ஓப்போவின் பச்சையும் விவோவின் நீலமும் திடீரென்று பளபளத்தது ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் தம் கைக்காசில் அடித்த வர்ணமல்ல அது.

ஆகவே, “அண்ணே, இதுதான் நல்லது” என்ற சொல்லுக்கு இரண்டு கூலி கொடுக்கப்படுகிறது. ஒரு கூலி, நிற்பதற்கு. இன்னொரு கூலி, நாக்கை ஒரு பக்கம் சாய்ப்பதற்கு. இரண்டாவது கூலி வாங்குபவருக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

சொல்வதும் உள்ளதும்

கடையில் அடிக்கடி காதில் விழும் வாசகங்களைப் பார்ப்போம்.

“எட்டு ஜிபி ரேம்.” பெட்டியில் 4+4 என்றோ, 8+8 என்றோ போட்டிருந்தால் முதல் எண்தான் அசல். இரண்டாவது, சேமிப்பு இடத்திலிருந்து எடுத்துக் காட்டும் போலி. அது அசல் ரேமின் வேகத்தில் ஓடாது.

“கேமரா நூற்றெட்டு மெகாபிக்சல்.” படத்தின் தெளிவு அந்த எண்ணால் மட்டும் வருவதில்லை. வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் அளவு, லென்ஸின் தரம், உள்ளே வேலை செய்யும் மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் படம்.

“தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது.” போட்டுக் கெட்டால் வாரண்டியில் இடமில்லை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் சாம்சங் தன் போன்களைக் குளத்திலும் கடலிலும் கொண்டு போகலாம் என்பது போலக் கடைகளிலும் இணையத்திலும் விளம்பரம் செய்தது. அது தவறான விளம்பரம் என்று 2022இல் அந்நாட்டு பெடரல் நீதிமன்றம் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

“அந்தக் கம்பெனி குப்பை, இதுதான் தங்கம்.” ஓப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி நான்கும் சீனத்தின் பிபிகே என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ரெட்மிக்கும் போக்கோவுக்கும் தாய் ஒன்றே, ஷாவ்மி. நம் கைக்கு எட்டும் விலைப் போன்களில் மூளையாக இருக்கும் சிப்பைச் செய்து தருபவையும் இரண்டு மூன்று கம்பெனிகள்தாம். ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடத்தில் மொண்டு வைத்துக்கொண்டு, ஒன்று அமுதம், மற்றது விஷம் என்று கூவுகிறார்கள்!

“வட்டியே கிடையாது.” வட்டியில்லாத் தவணை என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று ரிசர்வ் பாங்கு 2013 செப்டம்பரில் பாங்குகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் ஒளிந்து வருகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. நம் தோழர் கொடுத்த கூடுதல் 1,600 ரூபாய்க்கும் ஏதோ ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது.

எய்தவன் யார்?

இதையெல்லாம் கேட்டதும் அந்தப் பெண்மீது கோபம் வரும். நமக்கும் வந்தது. ஆனால் பகல் சாப்பாட்டு வேளையில் கடைக்குப் பின்புறம் அவளையும் அடுத்த மேஜைப் பையனையும் ஒரே பெஞ்சில் பார்த்தோம். ஒருவர் போனை ஒருவர் குப்பை என்றவர்கள், ஒரு டப்பாவிலிருந்து ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நம் தோழரைக் கண்டதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். அப்பா திருமங்கலம் பக்கத்தில் விவசாயக் கூலி. இரண்டு மாதம் இலக்கு தவறினால் மூன்றாம் மாதம் வேலை இல்லை. அன்றைக்கு மாதக் கடைசி. இன்னும் நான்கு போன் பாக்கி. “உங்க சீட்டுல இருந்த போனும் நல்ல போன்தாண்ணே. அதச் சொன்னா எனக்கு யாரு சோறு போடுவா?”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பகல் முழுதும் நின்றே வேலை செய்யும் கடைச் சிப்பந்திக்கு உட்கார ஒரு நாற்காலி போட வேண்டுமென்று சட்டத்தில் எழுதவே தமிழ்நாட்டில் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு உழைப்பாளியின் பெண்ணை நிறுத்தி, அவள் வாயாலேயே இன்னொரு உழைப்பாளியின் மடியை அவிழ்க்க வைக்கிறார்கள். இருவருக்கும் இடையில் மேஜை மட்டும்தான் இருக்கிறது. லாபம் வேறெங்கோ போய்ச் சேருகிறது.

இது மதுரையோடு நிற்கும் கதையுமல்ல. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா என்ற டெலிபோன் கம்பெனியின் பெயரில் நடந்த ஐந்து கடைகளில், விற்பனையாளர்கள் 108 பூர்வகுடி மக்களுக்கு, அவர்களால் புரிந்துகொள்ளவும் கட்டவும் முடியாத போன் ஒப்பந்தங்களைத் தலையில் கட்டினார்கள். 2021இல் நீதிமன்றம் அந்தக் கம்பெனிக்கு 5 கோடி டாலர் அபராதம் போட்டது. 2025இல் இதே போன்ற குற்றத்துக்கு ஆப்டஸ் கம்பெனிக்கு 10 கோடி டாலர். அபராதம் கட்டியது மேஜைக்குப் பின்னால் நின்ற ஆளல்ல, கம்பெனி. தைவானில் 2013இல், எதிராளி கம்பெனிப் போனைப் பற்றி இணையத்தில் கெட்ட பேர் பரப்பக் கூலிக்கு ஆள் வைத்ததற்காகச் சாம்சங் 1 கோடி தைவான் டாலர் அபராதத்துக்கு ஆளானது. அங்கெல்லாம் கேட்க முடிந்த கேள்வியை இங்கே ஏன் கேட்கக்கூடாது?

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம் பற்றி எழுத்தில் மட்டுமல்ல, வாயால் சொல்லும் பொய்யையும் முறையற்ற வாணிபம் என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதில் சேரும். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

ஆனால் ஓட்டை ஒன்று இருக்கிறது. சினிமா நட்சத்திரமோ இணையப் பிரபலமோ காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைச் சிபாரிசு செய்தால், அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. அவை விளம்பரங்களுக்காக எழுதப்பட்ட விதிகள். கடை மேஜையில் வாயால் சொல்லும் சிபாரிசுக்காக எழுதப்பட்டவை அல்ல. நட்சத்திரத்தை நம்பி ஏமாறுபவரைவிட மேஜையை நம்பி ஏமாறுபவர் குறைவா?

எனவே நாம் கோருவது இது. போன் கம்பெனியிடம் கூலியோ கமிஷனோ வாங்கும் ஒவ்வொருவரும், இன்ன கம்பெனி ஆள் என்று தமிழில் எழுதிய வில்லையை நெஞ்சில் அணிய வேண்டும். பிரமோட்டர்களுக்கு இலக்கு மிரட்டல் இல்லாத, நிலையான சம்பளம் வேண்டும். வயிறு நிரம்பினால் நாக்கு நேராகப் பேசும். மூன்றாவது, பெட்டியே பேச வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போனுக்கு, பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கீழே விழுந்தால் தாங்குமா, பழுது பார்ப்பது எளிதா என்று காட்டும் முத்திரை கட்டாயம். அப்படிப்பட்ட முத்திரை இங்கும் வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். முதலில், “தம்பி, உனக்குச் சம்பளம் கடையா, கம்பெனியா?” என்று கேளுங்கள். அசல் ரேம் எவ்வளவு? பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம்? சர்வீஸ் செய்யும் இடம் உசிலம்பட்டியிலா, மதுரையிலா? தவணை எல்லாம் கட்டி முடித்தால் மொத்தம் எவ்வளவு? இவற்றைக் கேளுங்கள். சொன்னதைப் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த வாய்ச்சொல்லின் பெறுமானம் அவ்வளவுதான்.

நம் தோழரிடம் பில் பத்திரமாக இருக்கிறது. புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுத உட்கார்ந்தபோது அவர் ஒன்று சொன்னார்: “அந்தப் புள்ள பேரை எழுதிடாதீங்க தோழர். கடை மேலயும் கம்பெனி மேலயும் எழுதுங்க.”

அப்படியே எழுதுகிறோம். தவணை இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.