வாசலில் விருந்தாளிக்கு அவமானம்! வாட்ச்மேன் மீது கேஸ் போட முடியுமா?

சென்னை,
ஊரிலிருந்து அப்பா வருகிறார். கிளாம்பாக்கத்தில் பஸ்சை விட்டு இறங்கி, ஒரு கையில் துணிப்பை, தோளில் பலாப்பழ மூட்டை. மகன் குடியிருப்பது ஓ.எம்.ஆர். ரோட்டில், 14-வது மாடியில். ஆனால் பெரியவரை கேட்டிலேயே மடக்கி விடுகிறார்கள்.

"யாரைப் பாக்கணும்? போன் பண்ணச் சொல்லு. அதுவரைக்கும் அப்படி ஓரமா நில்லு!"

மகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறான். போனை எடுக்கவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நிற்கிறார் பெரியவர். பின்னால் வந்த காருக்கு மட்டும் சல்யூட் அடித்து கேட் திறக்கிறது!

அடுக்கு மாடி வீடுகள் பெருகிவிட்ட சென்னையில் இது தினசரி காட்சி. "இதைக் கேட்க சட்டமே இல்லையா?" என்று கொதிக்கிறார்கள் வீட்டுக்காரர்கள். சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை.

எது குற்றம்?

பெயர் கேட்பது, நோட்டில் கையெழுத்து வாங்குவது, வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பது எதுவும் குற்றம் அல்ல. அது தனியார் இடம். காவலாளியின் வேலையே அதுதான். முகத்தைச் சுளித்தார், வயசுக்கு மரியாதை இல்லாமல் "வா, போ" என்று பேசினார் என்பதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் தள்ள முடியாது.

வீட்டுக்காரர் "மேலே அனுப்பு" என்று சொன்ன பிறகும் மறித்தால் கதையே வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 126-வது பிரிவு இதற்குத்தான். போக உரிமை உள்ளவரை வழிமறித்தால் ஒரு மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். செக்யூரிட்டி ரூமில் உட்கார வைத்து வெளியே விடாமல் அடைத்தால் 127-வது பிரிவு. ஒரு வருடம் வரை போகும். கை வைத்து அடித்தாலும் ஒரு வருடம் வரை. வந்தவர் பெண்ணாக இருந்து, அவருடைய மானத்துக்கு இழுக்கு வரும்படி பேசினால் 79-வது பிரிவில் 3 வருடம் வரை உள்ளே!

பலர் பார்க்கிற இடத்தில், தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினர் ஒருவரை சாதியின் பேரால் இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டம் பாயும். 6 மாதத்துக்குக் குறையாமல் 5 வருடம் வரை தண்டனை. முன்ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

"ஆதாரைக் காட்டு, இல்லேன்னா உள்ளே விடமாட்டேன்" என்கிற ஜம்பமும் செல்லாது. தனியார் ஆதாரைப் பயன்படுத்த இடம் கொடுத்த சட்டப் பிரிவை சுப்ரீம் கோர்ட்டு 2018-லேயே ரத்து செய்துவிட்டது.

ஸ்டேஷனில் என்ன நடக்கும்?

"இதுக்கெல்லாம் கேசா சார்? உக்காந்து பேசி முடிச்சுக்குங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் திரும்பினால் போனது போனதுதான். வழிமறித்தல் என்றால் போலீசாரே நேராக வழக்குப் பதிவு செய்யலாம். வெறும் வசவு, வம்புக்கு இழுக்கும் அவமதிப்பு என்றால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது.

சாட்சி? கேட்டில் உள்ள கேமிராதான். அதில் பழைய படம் தானாக அழிந்து புதிது ஏறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கே சங்கத்துக்கு "இந்த நேரத்துப் படத்தை அழிக்காதே" என்று கடிதம் கொடுத்தால்தான் உண்டு.

யார் கொடுத்த தைரியம்?

வாட்ச்மேனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 12 மணி நேரம் நிற்கிற ஆள். திருடன் நுழைந்துவிட்டால் முதலில் அவர் சீட்டுதான் கிழியும். பலர் வட மாநிலத்துக்காரர்கள். "நில்லு" என்பதுதான் அவர்கள் இங்கே கற்ற முதல் தமிழாக இருக்கும்! "கார் வந்தால் சல்யூட், மூட்டை வந்தால் ஓரம்" என்று பழக்கி வைத்தவர்கள் உள்ளே ஏ.சி. அறையில் இருக்கிறார்கள்.

ஆகவே பிடி போட வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, ஆள் அனுப்பிய கம்பெனி. 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டப்படி அதற்கு லைசென்ஸ் வேண்டும். காவலாளிக்குப் பயிற்சி வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை ஜெயில். லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்குப் புகார் போனால் கம்பெனி ஓடி வரும்.

இரண்டாவது, சங்கம். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர் பாடு திண்டாட்டம். அவர் உறுப்பினரே அல்ல. வீட்டுச் சொந்தக்காரரைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

இத்தனை வழி இருந்தும் கேட் விவகாரம் கோர்ட்டுப் படி ஏறுவது அபூர்வம். அவமானப்பட்டவரே வந்து வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். அவரோ, "எதுக்குப்பா வம்பு? நீ இங்கே குடியிருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுகிறார்.