பதுக்கு நினைவகம்: வேகமும் வாய்மையும்

மென்பொருள் ஒன்று மெதுவாக இயங்கினால், அதனோடு ஒரு பதுக்கு நினைவகத்தைச் சேர்த்துவிடுவதே பரிகாரம் என்னும் எண்ணம் கணினி பயிலும் நம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. விரிவுரையாளர் சிலரும் இதற்கு உடந்தை. செயற்றிட்ட அறிக்கையில் ‘ரெடிஸ்’ என்னும் பெயர் இடம்பெற்றாற் புள்ளி கூடும் என்ற நம்பிக்கையும் நிலவுகின்றது. இப்போக்கு கண்டிக்கப்படவேண்டியது.

பதுக்கு நினைவகம் என்பது யாது? ஒருமுறை தேடிப் பெற்ற விடையை அருகே எழுதிவைத்து, அதே வினா மீண்டும் எழும்போது மூலத்தை நாடாது அப்பிரதியையே எடுத்துக் கொடுப்பது. (இச்சொல்லை ஆக்கியோர் பதுக்கல் வியாபாரியை மனத்திற் கொண்டனரோ அறியேன், பொருத்தமான சொல்தான்.) சிறிய விரைவான நினைவகம் ஒன்றைப் பெரிய, மெதுவான நினைவகத்தின் முன் நிறுத்தும் திட்டத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மொரிஸ் வில்க்ஸ் 1965 இல் எழுதினார். ஐ.பி.எம். நிறுவனம் 1968 இல் அறிவித்த 360 வரிசையின் 85 ஆம் மாதிரியில் அது விற்பனைப் பொருளாயிற்று. பின்னர் 2003 இல் மெம்கேஷ்ட், 2009 இல் ரெடிஸ் ஆகியன தோன்றி இக்கருத்தை இணையத்தள ஆக்கத்தின் அன்றாடப் பழக்கமாக்கின. வன்பொருளிலே பிரதியும் மூலமும் முரண்படாது காப்பது இயந்திரத்தின் பொறுப்பு. பிரயோக மென்பொருளிலோ அப்பொறுப்பு முழுவதும் எழுதுபவனைச் சாரும். நம் மாணவர் எண்ணிப் பாராதது இவ்வேறுபாட்டைத்தான்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள பள்ளிவாசல்களுள் எதனுட் புகுந்தாலும் சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்குவதைக் காணலாம். கதிரவனின் போக்கை ஒருமுறை கணித்து எழுதினால் ஆண்டுதோறும் அதுவே போதும். ஆயின் ஷஃபான் பிறை 29 அன்று மாலை எவரும் சுவரைப் பார்த்து நோன்பு நோற்பதில்லை. கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை பற்றிய முடிவு வரும்வரை ஊரே காத்திருக்கின்றது. எழுதிவைக்கத்தக்கது எது, அவ்வப்போது கேட்டறியத்தக்கது எது என்ற பகுப்பை ஏடறியாத மூதாட்டியும் அறிவார். பட்டம் பெறவிருக்கும் மென்பொருளாளன் அறியாதிருத்தல் வியப்புக்குரியதன்றோ?

அண்மையில் ஒரு மாணவர் செயற்றிட்டத்தைப் பார்வையிட நேர்ந்தது. மருந்துக் கையிருப்பைக் காட்டும் மென்பொருள் அது. பட்டியல் திரையில் தோன்றப் பல விநாடிகள் சென்றன. ஆகவே ஒரு மணிநேர ஆயுளுடன் பதுக்கு நினைவகத்தைச் சேர்த்திருந்தனர். பட்டியல் மின்னலெனத் தோன்றிற்று. ஆனால், தீர்ந்துபோன மருந்து இருப்பதாகவே ஒரு மணிநேரம் வரை அது காட்டிக்கொண்டிருக்கும். தரவுத்தளத்தைத் திறந்து நோக்கியபோது, நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்ற சுட்டி அங்கு இல்லை. ஒவ்வொரு வினவலும் அட்டவணை முழுவதையும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டளையாற் சுட்டியை அமைத்ததும் தாமதம் அகன்றது. பதுக்கு நினைவகத்துக்கு அங்கு வேலையே இருக்கவில்லை. அது நோயைக் குணமாக்கவில்லை, மறைத்தது.

இதற்கு மறுப்பாக ஒரு நண்பர் நம் மண்ணிலிருந்தே உவமை காட்டினார். சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கொண்டவட்டுவான் போன்ற இடைக்குளங்களிலும் தேங்கியே வயலை அடைகின்றது. செய்தியையும் அவ்வாறு தேக்கினால் என்ன என்றார். அழகிய உவமைதான். ஆயினும், குளத்து நீர் ஒரு மாதம் கிடப்பினும் நீரே. மருந்து இருப்பென்ற செய்தி ஒரு நாழிகை கிடந்தாலே பொய்யாகிவிடலாம்.

பதுக்கு நினைவகமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் ஒரே தளத்தை மொய்க்கின்றனர். மீள்பரிசீலனையில் மாறுவன போக, வெளியான பெறுபேறு மாறுவதில்லை. அதனை முன்கூட்டியே விரைவு நினைவகத்தில் ஏற்றிவைப்பது கடமை என்பேன். தொலைநாட்டுச் சேவையகத்திலிருந்து வரும் படங்களும் அத்தகையனவே.

தீங்கு வருமிடம் வேறு. 2015 டிசம்பர் 25 அன்று, தாக்குதலால் நெருக்கடிக்குள்ளான ‘ஸ்டீம்’ விளையாட்டு விற்பனைத் தளத்தின் சுமையைக் குறைக்கப் பதுக்கல் விதிகள் அவசரமாக மாற்றப்பட்டன. ஒருவருக்கென ஆக்கப்பட்ட பக்கம் இன்னொருவருக்குச் சென்றது. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் பிறர் கண்ணிற் பட்டிருக்கலாம் என நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 2010 செப்டெம்பர் 23 இல் பேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் முடங்கியது. பதுக்கு நினைவகத்திலிருந்த பிழையான மதிப்பைத் திருத்துவதற்கென அமைத்த பொறிமுறையே அம்முடக்கத்துக்குக் காரணம். மூலத்திலும் பிழை இருந்தமையால், பிரதி பிழையெனக் கண்ட ஒவ்வொரு கணினியும் தரவுத்தளத்தை நாடியது. நெரிசலில் விடை கிடைக்காதபோது அதனையும் பிழையெனக் கொண்டு பிரதியை அழித்து மீண்டும் நாடியது. ஈற்றில் தளத்துக்கான போக்குவரத்தையே நிறுத்தவேண்டியதாயிற்று. ஆற்றல் மிக்க பொறியியலாளர் நிறைந்த நிறுவனங்களுக்கே இந்நிலையெனின், இறுதியாண்டு மாணவன் ஓரிரவிற் சேர்க்கும் அடுக்கைப் பற்றிச் சொல்வானேன்?

சாய்ந்தமருதுக் கரையில் விடியுமுன் தோணி தள்ளும் மீனவர் இன்று கைத்தொலைபேசியிலே காற்றையும் அலையையும் பார்த்துப் புறப்படுகின்றனர். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஐயும் கண்ட கரை இது. அவர் பார்க்கும் திரை முதல்நாள் மாலைப் பிரதியாக இருந்து, இரவிடையே எச்சரிக்கை வெளியாகியிருந்தால், அப்பிரதியின் ஆயுளைப் பன்னிரண்டு மணிநேரமென விதித்தவன் யார்? அம்மீனவரை அவன் கேட்டானா? பழைய செய்தியை எவ்வளவு நேரம் உண்மையெனக் காட்டலாம் என்பது, அதனால் இழப்பவரின் உயிரையும் பொருளையும் தொடும் தீர்ப்பு. அதனை நிரலின் ஒரு மூலையில் ஓர் எண்ணாக எழுதிவிட்டு நகர்கின்றோம். திரையிலே அச்செய்தி எப்போது பெறப்பட்டதென்ற குறிப்பைத்தானும் இடுவதில்லை.

ஆதலால் செயற்றிட்டங்களை மதிப்பிடும் விரிவுரையாளர்க்கு ஒரு வேண்டுகோள். தாமதம் எங்கே நேர்கின்றதென அளந்து காட்டாத எவர்க்கும் பதுக்கு நினைவகத்துக்கெனப் புள்ளி வழங்காதீர்கள். அளந்து காட்டியோரிடமும், பிரதியாக வைக்கும் ஒவ்வொரு செய்திக்கும் எவ்வளவு பழமை தகும், அப்பழமையால் யார் பாதிக்கப்படுவர், அவர் திரையில் நேரம் காட்டப்படுகின்றதா என எழுத்திற் கேளுங்கள். விடை எழுத இயலாதவர் அந்த அடுக்கை நீக்கிவிட்டு மறுபடி வரட்டும்.